ரயில் ஏறிய மலையில் சைக்கிள்: கம்பர்லாண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை, முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்குக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் நம்மவர்கள் பலர் ஆசையாக ஒரு சைக்கிள் வாங்குவார்கள். இரண்டு வாரம் ஓட்டுவார்கள். ஊரின் செங்குத்து மேடுகளும், தோளை உரசிக்கொண்டு போகும் பிக்கப் டிரக்குகளும் சேர்ந்து பயமுறுத்த, மூன்றாவது வாரம் சைக்கிள் பால்கனிக்குப் போய்விடும். என்னுடையதும் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேதான் துணி காயப்போடும் கம்பியாக இருந்தது. இது அந்தப் பால்கனி சைக்கிளுக்காக எழுதியது.

அலகேனி ஆறும் மோனோங்கஹேலா ஆறும் கூடி ஓஹையோ ஆறாகும் முனை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. அங்கே தொடங்கி மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லாண்ட் வரை ஒரு பாதை போகிறது. பெயர் கிரேட் அலகேனி பாசேஜ். நீளம் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். நகரத்தை ஒட்டிய பகுதிகளில் தார், மற்றபடி பெரும்பாலும் பொடித்த சுண்ணாம்புக்கல். எம்-சாண்டைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி. கார் வராது, மோட்டார் பைக் வராது. கட்டணமும் இல்லை, அனுமதிச்சீட்டும் இல்லை.

மலைப் பகுதி என்றதும் பின்வாங்க வேண்டாம். இந்த விஷயத்தை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு நண்பரின் அப்பா. திருச்சியில் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், மகனைப் பார்க்க வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பாதையோரச் சிற்றூரான ஓஹையோபைலுக்கு அழைத்துப் போனேன். பாதையில் இறங்கியதும் சைக்கிளைத் தொடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்துச் சரிவையும் மழைநீர்க் கால்வாயையும் பார்த்தார்.

"தம்பி, இது நடக்கறதுக்குப் போட்ட ரோடு இல்லை. ரயில் ஓடின இடம்."

"ஆமா மாமா, 1975-லேயே ரயிலை நிறுத்திட்டாங்க."

"அப்ப கவலையை விடுங்க. மலை எவ்வளவு உசரமா இருந்தாலும் ஏத்தம் அறுபதுக்கு ஒண்ணு, எழுபதுக்கு ஒண்ணுன்னுதான் இருக்கும். அதுக்கு மேல வச்சா இன்ஜின் வழுக்கும்."

அவ்வளவுதான் இந்தப் பாதையின் ரகசியம். நடுவழியில் வரும் கான்னல்ஸ்வில் என்ற ஊருக்குக் கிழக்கே மலைக்குள் போகும் பகுதி 1912-இல் திறந்த வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வேயின் தடம். மேற்கே ஆற்றோரமாக இறங்குவது பிட்ஸ்பர்க் அண்ட் லேக் ஈரி ரயில்வேயின் தடம். சரக்கு ரயிலுக்காக மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குக்குப் பாலம் போட்டு, மேட்டை இழைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதையிலேயே கடுமையான ஏற்றம் 1.75 சதவீதத்தை ஒட்டித்தான் வரும், மாமாவின் கணக்கில் 57-க்கு ஒன்று. நம் ஊட்டி ரயில் குன்னூர் வரை ஏறும் 12-க்கு ஒன்றோடு ஒப்பிட்டால் இது தரை. அதற்குப் பல்சக்கரம் வேண்டியிருந்தது, இதற்கு ஒரு சாதா கியர் சைக்கிள் போதும்.

ஆகவே கால்பலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இங்கே பாதியில் திரும்புகிறவர்களில் நான் பார்த்தவரை யாரும் ஏற்றத்தில் தோற்கவில்லை. உட்காரும் இடம் புண்ணாகி, உள்ளங்கை மரத்து, அல்லது தண்ணீரும் சாப்பாடும் தீர்ந்து திரும்பியவர்களே அதிகம். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரே ஒரு நாள்

முழுப் பாதையையும் எடுத்த எடுப்பில் திட்டமிடாதீர்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் ஓஹையோபைல் வந்துவிடும். பாதையின் முதல் துண்டு 1986-இல் திறந்ததும் இங்கேதான். இங்கிருந்து கான்ஃப்ளூயன்ஸ் என்ற சிற்றூர் 10 மைல் சொச்சம். போய், சாப்பிட்டு, திரும்பினால் 33 கிலோமீட்டர். சைக்கிள் இல்லாவிட்டாலும் ஓஹையோபைலில் வாடகைக்குக் கிடைக்கும்.

பக்கத்திலேயே ஓடும் ஆற்றின் பெயர் எழுத்தில் பார்த்தால் வாயில் நுழையாது. யாக்கிகெய்னி. உள்ளூர்க்காரர்கள் 'யாக்' என்று முடித்துக்கொள்கிறார்கள், நாமும் அப்படியே. இது வடக்கு நோக்கி ஓடும் ஆறு. கான்ஃப்ளூயன்ஸில் யாக், காசல்மன் ஆறு, லாரல் ஹில் ஓடை மூன்றும் கூடுகின்றன, ஊர்ப்பெயரே சங்கமம்தான். ஓஹையோபைலிலிருந்து போகும்போது ஆற்றுக்கு எதிராக, கண்ணுக்கே தெரியாத ஏற்றத்தில் போவீர்கள். 'என்ன இது, தட்டையாகத்தானே இருக்கிறது, ஏன் மூச்சு வாங்குகிறது?' என்று தோன்றும். திரும்பும்போது அதே பாதை தானாக இழுத்துக்கொண்டு போகும். களைத்த பிறகு இறக்கம் வருவது போலப் பயணத்தை அமைக்க வேண்டும் என்ற பாடம் இந்த ஒரு நாளிலேயே கிடைத்துவிடும்.

சைக்கிளில் பார்க்க வேண்டியவை

கிராவல் பைக் என்று தனியாக விற்கிறார்கள். நல்ல வண்டிதான், ஆனால் இந்தப் பாதைக்கு அது கட்டாயமில்லை. ஹைப்ரிட் போதும், பழைய மவுண்டன் பைக்கும் போதும். சாலைப் பந்தய சைக்கிளின் 25 மி.மீ. டயரோடு மட்டும் வராதீர்கள். காய்ந்த நாளில் ஓடிவிடும், ஈரமான நாளில் பொடிக்குள் இறங்கிவிடும். 35 முதல் 40 மி.மீ. அகலம் சரியாக இருக்கும்.

காற்றை டயர் கல்லாகும்வரை அடிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஊரில் சைக்கிள் கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 'கல்லு மாதிரி இருக்கு' என்றால்தான் நமக்குத் திருப்தி. இங்கே அது வேண்டாம். 40 மி.மீ. டயருக்கு 70 கிலோ ஆள் என்றால் 40 முதல் 45 பி.எஸ்.ஐ. போதும். கொஞ்சம் அமுங்குகிற டயர்தான் சின்ன அதிர்வுகளை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அவற்றையெல்லாம் உங்கள் மணிக்கட்டு வாங்கும்.

அடுத்தது சீட் உயரம். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள், ஒரு பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்படி இருந்தால், பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் அளவாக மடங்கும். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு முட்டி வலி என்று வருபவர்கள் நிறைய.

பேட் வைத்த சைக்கிள் டிரவுசர் ஒன்று வாங்குங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அதற்குள்ளே ஜட்டி போடக்கூடாது. அதன் தையல்தான் 30 கிலோமீட்டருக்குப் பிறகு அறுக்கும். உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொண்டால் இரண்டாம் நாளும் உட்கார முடியும்.

கருவிகளுக்கு ஒரு சின்னப் பை: ஒன்றுக்கு இரண்டாக டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், கைப்பம்பு, ஆலன் கீ. டியூப் மாற்றுவதை வீட்டு வரவேற்பறையில் இரண்டு முறை செய்து பழகுங்கள். நான் பழகாமல் போனேன். தூறலில், ஒரு பாலத்தடியில், புது டியூபை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே கிள்ளிவைத்துக் காற்றடித்து அதையும் கிழித்தேன். பிறகு 7 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடை.

எந்தத் திசையிலிருந்து?

நான்கைந்து வாரம் சனி, ஞாயிறுகளில் ஓட்டி, 50 கிலோமீட்டர் போனாலும் மறுநாள் அலுவலகத்தில் ஒழுங்காக உட்கார முடிகிறது என்ற நிலை வந்துவிட்டால் முழுப் பாதைக்குத் தயார். அப்போது வரும் முதல் கேள்வி இது.

நடுவில் ஒரே ஒரு முகடு, ஈஸ்டர்ன் கான்டினென்டல் டிவைட், 2,392 அடி, மீட்டரில் 729. அதன் ஒரு பக்கம் விழும் மழை செசபீக் விரிகுடாவுக்குப் போகிறது, மறுபக்கம் விழுவது ஓஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. முகடு பாதையின் நடுவில் இல்லாமல் கம்பர்லாண்டுக்குப் பக்கத்தில், 24-வது மைலை ஒட்டி இருக்கிறது. கம்பர்லாண்டிலிருந்து கிளம்பினால் முதல் 38 கிலோமீட்டரில் சுமார் 540 மீட்டர் ஏறவேண்டும், பிறகு 200 கிலோமீட்டரும் மெல்ல இறக்கம். பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பினால் மூன்று நாள் தெரியாமலேயே ஏறி, கடைசியில் விர்ரென்று இறக்கம்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்புவதுதான் சுலபம் என்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. கம்பர்லாண்டிலிருந்து தொடங்குங்கள். புதிய கால்களோடு காலையிலேயே ஏற்றத்தை முடித்துவிடலாம், அதன்பின் ஆறு நம்மோடு ஓடும், முடிவில் வீடு இருக்கும். லேசான கியரில் போட்டு, மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு மணி நேரத்தில் முகடு. பெடலை அழுத்தித் தள்ளாதீர்கள், சுற்றுங்கள். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

கம்பர்லாண்டுக்குப் போக ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் விடியுமுன் ஏறவேண்டும், பயணம் சுமார் நான்கு மணி நேரம். சைக்கிளுக்கும் தனியாக முன்பதிவு வேண்டும், இடங்கள் குறைவு. ஆகவே முதலில் சைக்கிள் இடம், பிறகு விடுதி என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். ரயில் ஒத்துவராவிட்டால், சைக்கிளோடு ஏற்றிப்போகும் ஷட்டில் வேன்கள் உண்டு. 24 மைல் ஏற்றம் கலக்கமாக இருந்தால், கம்பர்லாண்டிலிருந்து ஃப்ராஸ்ட்பர்க்வரை ஓடும் சுற்றுலா ரயிலில் சைக்கிளை ஏற்றி முதல் 16 மைலைத் தாண்டிவிடலாம். அது ஓடும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் கணக்கு

மைல்கற்கள் கம்பர்லாண்டில் பூஜ்யத்தில் தொடங்கி பிட்ஸ்பர்க்கில் 150-இல் முடிகின்றன. புதியவர்களுக்கு நான் சொல்வது நாலு நாள். மூன்று நாளில் முடிக்கலாம், ஆனால் முடிப்பது மட்டுமே வேலையாகிவிடும்.

முதல் நாள் மேயர்ஸ்டேல், 32 மைல். இந்த நாளுக்குத்தான் விளக்கு வேண்டும். முதலில் வரும் பிரஷ் குகையில் சுற்றுலா ரயிலும் நம் பாதையும் அருகருகே போகின்றன, ரயில் உள்ளே இருந்தால் வெளியே நின்றுவிடுங்கள். ஃப்ராஸ்ட்பர்க்கைத் தாண்டி போர்டன் குகை, 957 அடிதான், ஆனால் உள்ளே விளக்கு கிடையாது. நடுவில் வந்ததும் முன்னால் தெரியும் வெளிச்ச வட்டம் கண்ணைக் கூச, சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமே தெரியாது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்து உள்ளே போனவன் சொல்கிறேன், வாசலிலேயே கழற்றுங்கள். அப்புறம் மேசன்-டிக்சன் எல்லைக்கோட்டைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் நுழைகிறோம்.

அடுத்து பிக் சாவேஜ் குகை. 3,294 அடி, ஒரு கிலோமீட்டர். நுழைவதற்கு முன் மலை விலகி, பள்ளத்தாக்கு மேரிலாண்ட் பக்கம் விரியும், அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். குகைக்குள் விளக்கு உண்டு. ஆனால் ஜூலையிலும் கூரையிலிருந்து சில்லென்று சொட்டும், வியர்த்த முதுகில் அந்தக் குளிர் இறங்கும், மெல்லிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போங்கள். முக்கியமான விஷயம்: உறைபனியால் பழுதாகாமல் இருக்க, குளிர்காலத்தில் இந்தக் குகையைக் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை முழுப் பயணம் என்ற எண்ணமே வேண்டாம். மே கடைசி முதல் அக்டோபர் நடு வரை நல்ல காலம். அக்டோபரில் மலையே மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், விடுதியும் கிடைக்காது. குகையிலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் முகடு. ஃப்ராஸ்ட்பர்க்கிலிருந்து மேயர்ஸ்டேல் வரை 16 மைல், நடுவில் கடையே கிடையாது.

இரண்டாம் நாள் ஓஹையோபைல், 40 மைல். மேயர்ஸ்டேலைத் தாண்டியதுமே சாலிஸ்பரி வயடக்ட் என்ற நெடும்பாலம். காசல்மன் பள்ளத்தாக்கின் மேல் 1,908 அடி நீளம், 101 அடி உயரம். கீழே நெடுஞ்சாலை, ஆறு, சரக்கு ரயில் எல்லாம் பொம்மை போல ஓடும். நாம் மட்டும் மேலே, சத்தமில்லாமல். என்னைக் கேட்டால் 240 கிலோமீட்டரில் இதுதான் முதல் இடம். பிறகு பாதை காசல்மன் கூடவே வளைந்து வளைந்து இறங்கும். ராக்வுட்டில் சாப்பாடு, பிங்கர்ட்டன் குகை, கான்ஃப்ளூயன்ஸ், அங்கிருந்து நீங்கள் ஏற்கெனவே ஓட்டிய பாதை. இந்தப் பள்ளத்தாக்கில் போன் சிக்னல் வரும் போகும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓஹையோபைல் பக்கத்தில் ஃபிராங்க் லாய்ட் ரைட் அருவிமேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடு இருக்கிறது. பார்க்கவேண்டியதுதான், ஆனால் அங்கே போகும் சாலை ரயில்காரர் போட்டது இல்லை. இன்னொரு நாள் காரில் போங்கள்.

மூன்றாம் நாள் வெஸ்ட் நியூட்டன், 42 மைல். ஓஹையோபைலிலிருந்து கான்னல்ஸ்வில் வரை 17 மைல் கடையில்லாத காடு, கீழே யாக் பாறைகளில் இரையும். அதன்பின் நிலக்கரி நாடு. சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்புத் தண்ணீர் பாறைகளை ஆரஞ்சு நிறமாக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதைக் குடிக்கவோ, அதில் பாட்டில் கழுவவோ வேண்டாம். வான் மீட்டர் என்ற இடத்துக்கு அருகே டார் சுரங்க விபத்தின் நினைவுப் பலகை இருக்கிறது. 1907 டிசம்பர் 19 அன்று நடந்த வெடிப்பில் 239 பேர் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. நாம் சொகுசாக உருட்டிப்போகும் இந்தத் தடத்தின் ரயில்கள் யாருக்காக, எதைச் சுமந்து ஓடின என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

நாலாம் நாள் 36 மைல், ஊருக்குள். மெக்கீஸ்போர்ட்டில் யாக் மோனோங்கஹேலாவில் கலக்கிறது. ஹோம்ஸ்டெட் பக்கம் பழைய பம்ப் ஹவுஸ், 1892 ஜூலையில் இரும்பாலைத் தொழிலாளர்களுக்கும் கம்பெனி இறக்கிய கூலிப்படைக்கும் மோதல் நடந்த இடம். கடைசியாக 2013-இல் இணைந்த துண்டு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிறகு ஹாட் மெட்டல் பாலம். ஒரு காலத்தில் உருகிய இரும்பை ஆற்றுக்கு மேலே கொண்டுபோன பாலம், இன்று அதில் சைக்கிளும் நடப்பவர்களும்.

சாப்பாடு, தண்ணீர்

ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும். பசிக்குமுன் சாப்பிடுங்கள், மணிக்கு ஒருமுறை ஏதாவது. சிற்றூர்களில் உணவகங்கள் வாரத் தொடக்கத்தில் மூடியிருப்பது சகஜம். ஒரு திங்கட்கிழமை நான் நம்பிப்போன ஊரில் மூன்று கடையும் பூட்டு, பெட்ரோல் பங்க் சிப்ஸ்தான் மதியச் சாப்பாடு. அன்றிலிருந்து முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகிறேன். வீட்டில் செய்ய நேரமில்லாவிட்டால், பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில் கேன்டீன் இருக்கவே இருக்கிறது. 1976-இல் எழுந்த கோயில், புளியோதரைக்காகவே போகிறவர்களும் உண்டு. வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட இதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியாது. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் மதியத்துக்குச் சிற்றூர்களை நம்பவே வேண்டாம்.

பாதையில் நடந்துகொள்வது

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதலில் மாற்றவேண்டியது இடதுபக்கப் பழக்கம். இங்கே வலதுபுறம் போகவேண்டும். எதிரே ஆள் வந்ததும் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும், மாமா இரண்டு முறை ஒரு பாட்டியம்மாவை நேருக்கு நேர் சந்தித்தார். முந்தும்போது மணியடித்து 'ஆன் யுவர் லெஃப்ட்' என்று குரல் கொடுத்துவிட்டு இடப்பக்கமாக முந்துங்கள். குதிரை வந்தால் மணி வேண்டாம், வேகத்தைக் குறைத்துப் பேச்சுக் கொடுங்கள்.

போக்குவரத்து இல்லாத பாதை என்றாலும் குறுக்கே சாலைகள் வரும். அங்கே கார் நுழையாமலிருக்கக் கம்பம் நட்டிருப்பார்கள். குழுவாகப் பேசிக்கொண்டு போகும்போது முன்னால் போகிறவர் விலகிவிட, பின்னால் வருபவர் கம்பத்தில் மோதுவார். பார்த்தவுடன் 'கம்பம்!' என்று கத்தும் பழக்கம் வையுங்கள். முன்பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் பொடியில் சக்கரம் வழுக்கும், இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடியுங்கள்.

ஓரத்தில் மூன்று மூன்று இலையாகப் படரும் கொடி பாய்சன் ஐவி, தொட்டால் ஒரு வாரம் அரிப்பு. புல்லில் உட்கார்ந்து எழுந்தால் இரவில் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் இங்கே உண்மையான பிரச்சினை. இலையுதிர்காலம் வேட்டைக் காலமும்கூட, பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை நல்லது. கடந்துவந்த மைல்கல் எண்ணை மனதில் வைத்துக்கொண்டே போங்கள். அவசரத்துக்கு 911-ஐக் கூப்பிட்டால் 'ஏதோ ஒரு மரத்தடி' என்பதைவிட 'மைல் 81' என்பது சீக்கிரம் ஆளைக் கொண்டுவரும்.

முனையை அடைந்தபிறகு

பிட்ஸ்பர்க் மையத்தில் கடைசித் துண்டு ஆற்றங்கரை வாகன நிறுத்தம் வழியாக வருகிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் அது மூழ்கிவிடும், அப்போது மேலே தெருக்களின் வழியாகச் சுற்றிக்கொள்ளுங்கள். நாலு நாள் காரே பார்க்காமல் வந்தவர்களுக்கு அந்த நாலு சிக்னல் மிரட்டும், அவசரமில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டும் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகுமுன் இன்னொரு வேலை இருக்கிறது. சுண்ணாம்புப் பொடி மழையில் நனைந்தால் பசையாகி செயினிலும் கியரிலும் காய்ந்து சிமெண்டாகும். அன்றிரவே ஒரு வாளித் தண்ணீர், பழைய டூத்பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. துடைத்துக் காயவைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். இதைச் செய்யாமல் தூங்கிய ஒரு பயணத்துக்குப் பிறகு, மறுவாரம் எனக்குப் புதுச் செயின் வாங்கவேண்டி வந்தது.